ஆழ்கடல் படகுக்கு ஓட்டோ பைலட்: குறைந்த முதலில் எதை வாங்குவது?

கடை வைத்திருப்பவர், அரிசி மொத்த வியாபாரம் செய்பவர், வெளிநாட்டில் சில வருடங்கள் உழைத்துவிட்டு வந்தவர் எனப் பலர் இன்று பலநாள் மீன்பிடிப் படகுகளில் பங்கு வைத்திருக்கிறார்கள். பேருவளை, வாழைச்சேனை, கல்முனை, சாய்ந்தமருது என எங்கு பார்த்தாலும் இதே நிலைதான். படகு கடலில் நிற்கும்போது இவர்கள் கரையில் தங்கள் வியாபாரத்தில் இருப்பார்கள். ஆனால் படகுக்கு எது வாங்குவதாக இருந்தாலும் காசோலையில் கையொப்பமிடுபவர்கள் இவர்களே.

கடல்சார் உபகரண வியாபாரத்தில் இருப்பவன் என்ற வகையில், இத்தகைய முதலாளிமார் என்னிடம் கேட்கும் கேள்விகளில் அண்மைக் காலமாக முதலிடம் பிடித்திருப்பது ஓட்டோ பைலட் பற்றியதுதான். ஸ்கிப்பர் வந்து கேட்கிறார். பக்கத்துப் படகில் பூட்டியிருக்கிறார்கள். வாங்கிக் கொடுக்காவிட்டால் நல்ல ஸ்கிப்பர் வேறு படகுக்குப் போய்விடுவாரோ என்ற பயமும் இருக்கிறது. எனவே முதலாளி நேரடியாக "எந்தக் கம்பனி சாமான் நல்லது?" என்று கேட்கிறார்.

கம்பனியின் பெயர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன் கேட்க வேண்டியவற்றைக் கேட்காமல் வாங்கியதால் இலட்சக் கணக்கான ரூபாய்கள் முடங்கிப்போன படகுகளை நான் துறைமுகங்களில் கண்டிருக்கிறேன். கணக்குத் தெரிந்த, ஆனால் கடல் தெரியாத ஒரு வியாபாரிக்கு விளங்கும் விதத்தில் இதனை எழுதுகிறேன்.

முதலில் இலாபக் கணக்கு

விற்பனையாளர் சொல்லும் முதல் வார்த்தை "டீசல் மிச்சம்" என்பதாகும். எவ்வளவு மிச்சம் என்பதை நாமே கணக்குப் பார்க்கலாம்.

படகு மீன்பிடித் தளத்துக்கு 400 கடல் மைல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 800 கடல் மைல். மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் ஏறத்தாழ 133 மணித்தியாலங்கள். மணிக்கு 10 லீற்றர் டீசல் என்றால் 1,330 லீற்றர். இவை கணக்குக்காக நான் எடுத்த எண்கள். உங்கள் படகின் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கையால் சுக்கான் பிடிக்கும்போது படகு நேர்கோட்டில் போவதில்லை. இரு பக்கமும் 10 பாகை அளவில் வளைந்து வளைந்து போனால், நேர்வழியை விட 1.5 சதவீதம் அதிக தூரம் ஓடும். 15 பாகை வளைந்தால் 3.5 சதவீதம். இது பாடசாலைக் கணிதம். ஆகவே ஒரு பயணத்தில் மிஞ்சுவது சுமார் 20 லீற்றரிலிருந்து 47 லீற்றர் வரைதான். சுக்கானை அடிக்கடி அதிகமாகத் திருப்புவதால் ஏற்படும் இழுவை குறைவதில் இன்னும் சிறிது மிஞ்சலாம். டீசல் லீற்றர் 300 ரூபா என்று வைத்தால், ஒரு பயணத்துக்கு 6,000 ரூபா முதல் 14,000 ரூபா வரை.

பூட்டும் செலவுடன் பத்து இலட்சம் ரூபா முடியும் ஒரு இயந்திரத்தின் விலையை டீசலில் மட்டும் திருப்பி எடுக்க வேண்டுமானால் 70 பயணங்களுக்கு மேல் போக வேண்டும். குறைந்த மதிப்பீட்டை எடுத்தால் 160 பயணங்களையும் தாண்டும். எனவே "20 சதவீதம் டீசல் மிச்சம்" என்று யாராவது சொன்னால், அவர் சாமானை விற்கப் பார்க்கிறார் என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் இது வீண் செலவா? இல்லை. மேலே சொன்ன 133 மணித்தியாலங்களும் யாராவது ஒருவர் சுக்கானைப் பிடித்தபடி நிற்க வேண்டும். ஐந்தாறு பேர் உள்ள படகில், தளத்தை அடையும்போதே ஆட்கள் களைத்துப் போயிருப்பார்கள். களைத்த ஆள் தூண்டில் கயிறு விடும்போது கையைக் கொடுத்துவிடுவான். மீனைச் சரியாகச் சுத்தம் செய்து ஐஸில் வைக்காமல் தரத்தைக் கெடுப்பான். ஏற்றுமதித் தரத்தில் போகவேண்டிய கெளவல்லா உள்ளூர்ச் சந்தை விலைக்குப் போனால் நட்டம் யாருக்கு? ஓட்டோ பைலட் தருவது ஓய்வு. அதிலிருந்துதான் அதன் இலாபம் வருகிறது. இதை மனதில் வைத்தால், எதில் காசைப் போடுவது, எதில் குறைப்பது என்பது தானாக விளங்கும்.

இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

1922ஆம் ஆண்டில் நிக்கொலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியியலாளர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அனுபவமுள்ள மாலுமிகள் சுக்கானை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதே அதற்கு அடிப்படை. நல்ல சுக்கானி மூன்று விடயங்களைக் கவனிக்கிறான். கப்பல் போகவேண்டிய திசையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது? காற்றினாலோ கடலினாலோ தொடர்ந்து ஒரே பக்கமாக இழுக்கப்படுகிறதா? இந்த மூன்றுக்கும் ஏற்பச் சுக்கானைத் திருப்புகிறான். இன்றைய ஓட்டோ பைலட்டுகளும் இதே மூன்றையே செய்கின்றன.

ஒரு செட்டில் ஐந்து பாகங்கள் இருக்கும். முதலாவது, ஸ்கிப்பர் பார்த்து அழுத்தும் திரையும் பொத்தான்களும். இரண்டாவது, கட்டளைப் பெட்டி, இதுவே மூளை. மூன்றாவது, திசையை அறியும் மின்திசைகாட்டி. நான்காவது, சுக்கானை உண்மையில் திருப்பும் பம்ப் அல்லது மோட்டார். ஐந்தாவது, சுக்கான் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சர்.

வாங்க வருபவர் கடையில் பார்ப்பது முதலாவது பாகத்தை மட்டுமே. திரை பெரிதா, நிறமா, விரலால் தொட்டால் வேலை செய்யுமா என்று கேட்கிறார்கள். கடலில் பழுதாவதோ, பொருத்தமில்லாமல் தவறுவதோ பெரும்பாலும் நான்காவது பாகம். இரண்டாவது இடத்தில் மூன்றாவது பாகம். குறைந்த முதலுடன் வாங்குபவருக்கு என் ஆலோசனை இதுதான்: திரையில் குறையுங்கள், பம்பில் குறைக்காதீர்கள்.

உங்கள் படகின் ஸ்டியரிங் எந்த வகை?

எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது கம்பனியல்ல, படகில் ஏற்கெனவே உள்ள ஸ்டியரிங்தான். கடைக்கு வருமுன் ஸ்கிப்பரிடமோ மெக்கானிக்கிடமோ இதைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஹைட்ரோலிக் ஸ்டியரிங் உள்ள படகு என்றால் வேலை இலகு. இரு பக்கமும் சுற்றும் மின்பம்ப் ஒன்றை எண்ணெய்க் குழாய்களில் இணைத்தால் போதும். ஒன்றை மட்டும் சரிபார்க்க வேண்டும். வீலில் உள்ள பம்பில் எண்ணெய் பின்னால் வராமல் தடுக்கும் வால்வு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஓட்டோ பைலட் பம்ப் சுக்கானைத் திருப்புவதற்குப் பதிலாக வீலைத் திருப்பும்.

சங்கிலி, கம்பிக் கயிறு மூலம் இயங்கும் ஸ்டியரிங் என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வீலின் அச்சில் பற்சில்லுப் பூட்டிச் சங்கிலியால் திருப்பும் மோட்டார். இது மலிவு. மற்றையது, பின்னால் சுக்கான் தண்டில் நேரடியாகப் பூட்டும் தள்ளுதண்டு வகை. இது விலை கூட. ஆனால் நடுக்கடலில் ஸ்டியரிங் கம்பி அறுந்தாலும் இதனால் சுக்கானைத் திருப்பிக் கரைக்கு வரலாம். அந்த வகையில் இது இரண்டாவது ஸ்டியரிங் ஆகிறது. 400 மைலுக்கு அப்பால் போகும் படகுக்கு இந்த மேலதிகச் செலவு நியாயமானது.

பம்பின் அளவைக் கணக்கிடும் முறை

பம்ப் சிறிதானால் சுக்கான் மெதுவாகத் திரும்பும். பின்னால் வரும் அலையில் படகு வழிதவறிச் சுழலும். அளவுக்கு மீறிப் பெரிதானால் மின்சாரத்தைக் குடிக்கும். சுக்கான் தேவைக்கு மேல் திரும்பி, படகு பாம்பு போல் ஊரும். இரண்டும் பணவிரயம்.

பம்பின் அளவு சுக்கானைத் தள்ளும் சிலிண்டரைப் பொறுத்தது. ஒரு உதாரணம் பாருங்கள். சிலிண்டரின் உள்விட்டம் 4 சென்ரிமீற்றர், தண்டின் விட்டம் 2 சென்ரிமீற்றர், தண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நகரும் நீளம் 22 சென்ரிமீற்றர். 4இன் வர்க்கம் 16, 2இன் வர்க்கம் 4, வித்தியாசம் 12. இதனை 0.785 ஆல் பெருக்கினால் 9.4. அதனை 22 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 207 கன சென்ரிமீற்றர். இதுவே சிலிண்டர் கொள்ளும் எண்ணெய்.

இந்த ரகப் படகில் சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 10 முதல் 15 செக்கனுக்குள் திரும்பினால் நல்லது. 12 செக்கன் என்று எடுத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் எண்ணெய் தள்ளும் பம்ப் தேவை. கம்பனிகள் தங்கள் பம்புகளை இந்த இலக்கங்களைக் கொண்டே வகைப்படுத்தியிருக்கின்றன. இந்த இரு இலக்கங்களையும் விற்பனையாளரிடம் கொடுத்து, "இதற்கு எந்தப் பம்ப்?" என்று கேளுங்கள். பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்பவரிடம் வாங்கலாம். "எல்லாத்துக்கும் இதுதான் போடுறது" என்று சொல்பவரிடம் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கட்டளைப் பெட்டியும் பம்புக்குப் பொருந்த வேண்டும். பம்ப் ஆகக்கூடுதலாக எத்தனை அம்பியர் இழுக்கும், பெட்டி எத்தனை அம்பியர் தாங்கும் என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். 12 வோல்ற்றா 24 வோல்ற்றா என்பதையும் மறக்க வேண்டாம்.

நீளத்தை நம்ப வேண்டாம், பாரத்தைப் பாருங்கள்

பெட்டியின் மேல் "40 அடி வரையான படகுகளுக்கு" என்று எழுதியிருக்கும். வெளிநாட்டில் உல்லாசப் படகு வைத்திருப்போரை மனதில் வைத்து எழுதியது அது. அவர்களுடைய 40 அடிப் படகு வேறு, நமது 40 அடிப் படகு வேறு.

3,000 லீற்றர் டீசல் ஏற்றினால் அதன் பாரம் ஏறத்தாழ இரண்டரைத் தொன். 2,000 லீற்றர் தண்ணீர் இரண்டு தொன். அதற்கு மேல் ஐஸ் ஆறு தொன் என்றால், படகின் சொந்தப் பாரத்துக்கு மேலாகப் பத்துத் தொன்னுக்கும் அதிகமாகிறது. எனவே முழுச் சுமையுடன் படகின் பாரம் எவ்வளவு என்பதைக் கட்டிய யார்ட்டில் விசாரித்து, அதற்கு மேல் 20 சதவீதம் கூட்டி, அந்தப் பாரத்துக்குரிய செட்டைக் கேளுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுக்கலாம். ஆனால் பம்பை மட்டும் சிலிண்டர் கணக்கின்படியே எடுக்க வேண்டும்.

திசைகாட்டியை எங்கே பூட்டுவது?

மின்திசைகாட்டிகளில் பழைய வகை காந்தத்தை மட்டும் உணரும். புதிய வகை படகு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எப்படிச் சரிகிறது என்பதையும் உணரும். அலை அமைதியாக இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பின்னலையில் ஓடும்போதுதான் தெரியும். பழைய வகை, படகு திரும்பி முடிந்த பின்னர்தான் விழித்துக்கொள்ளும். ஆகவே குறைந்த விலைக்காகப் பழைய வகையை எடுக்க வேண்டாம். இப்போது விலை வித்தியாசமும் பெரிதாக இல்லை.

நமது படகுகள் ஃபைபர் கிளாஸில் கட்டப்பட்டவை என்பது ஒரு வசதி. இரும்புக் கப்பலைப் போல் உடலே திசைகாட்டியைக் குழப்பாது. ஆனால் நாமாகக் குழப்பிவிடுகிறோம். வீல் அறையில் திசைகாட்டிக்குப் பக்கத்தில் ரேடியோ ஸ்பீக்கரை வைப்பது, சமையல் கேஸ் சிலிண்டரைச் சாத்துவது, நங்கூரச் சங்கிலியைப் போடுவது இவையெல்லாம் திசையைப் பல பாகைகள் மாற்றிவிடும். எஞ்சினிலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு மீற்றருக்கு மேல் தள்ளி, படகின் ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் பூட்டுங்கள். பூட்டியபின் அமைதியான கடலில் மெதுவாக வட்டமிட்டுத் திசைகாட்டியைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் பூட்டுக்கூலி வாங்கிக்கொண்டு போகும் திருத்துநர்கள் உண்டு. கடலில் ஓடிக் காட்டிய பின்பே முழுக்காசையும் கொடுங்கள்.

திசை பிடிப்பதும் வழி பிடிப்பதும் ஒன்றல்ல

ஓட்டோ பைலட்டில் இரண்டு விதமாக ஓடலாம். திசையை மட்டும் பிடித்து ஓடுவது ஒன்று. ஜீ.பீ.எஸ்ஸில் குறித்த வழியைப் பிடித்து ஓடுவது மற்றையது.

படகு 6 கடல் மைல் வேகத்தில் ஓடுகிறது; பக்கவாட்டில் மணிக்கு ஒரு மைல் நீரோட்டம் இருக்கிறது. திசையை மட்டும் பிடித்து 100 மைல் ஓடினால், படகின் மூக்கு சரியான திசையையே காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் படகு 16 மைலுக்கு மேல் பக்கத்தில் போயிருக்கும்.

இது முதலாளிமாருக்குச் சிறிய விடயமல்ல. 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை விதித்திருந்தது நினைவிருக்கும். அதன் பின்னர் ஆழ்கடல் படகுகள் எங்கே நிற்கின்றன என்பது செய்மதி மூலம் கண்காணிக்கப்படுகிறது. மாலைதீவு, இந்தியா போன்ற அயல் நாடுகளின் எல்லைக்குள் தெரியாமல் போனாலும் படகு பிடிபடும், ஆட்கள் சிறைப்படுவார்கள். எனவே உங்கள் ஜீ.பீ.எஸ்ஸுடன் இணையக்கூடிய செட்டையே வாங்குங்கள். பழைய ஜீ.பீ.எஸ் கருவிகள் என்.எம்.இ.ஏ 0183 என்ற முறையிலும், புதியவை என்.எம்.இ.ஏ 2000 என்ற முறையிலும் பேசும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேரடியாக விளங்காது. இடையில் ஒரு மாற்றி தேவை. அதன் விலையையும் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

ஜீ.பீ.எஸ்ஸையும் கண்மூடி நம்ப முடியாது. 1995 ஜூன் மாதம் ரோயல் மெஜெஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்மூடாவிலிருந்து பொஸ்டனுக்குப் புறப்பட்டது. சிறிது நேரத்தில் ஜீ.பீ.எஸ் அன்டெனாவின் வயர் கழன்றுவிட்டது. கருவி பழைய கணக்கை வைத்துக்கொண்டு இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. ஓட்டோ பைலட் அதையே பின்பற்றியது. 34 மணித்தியாலங்களின் பின் 17 மைல் வழிதவறி நான்டக்கெட் தீவுக்கு அருகில் கப்பல் தரைதட்டியது. 1,500 பேருக்கு மேல் இருந்த கப்பல் அது. உயிரிழப்பு இல்லாமல் தப்பியது. பயிற்சி பெற்ற அதிகாரிகள் நின்ற கப்பலிலேயே இப்படி நடந்தது.

ஆளைக் குறைக்கலாமா?

கடைக்கு வந்த ஒரு முதலாளி என்னிடம் கேட்டார்: "தம்பி, இதப் பூட்டினா ஒரு ஆளக் குறைக்கலாம்தானே? ஒரு பங்கு மிச்சமாகுமே?"

நான் சொன்னேன்: "ஹாஜியார், ஆளக் குறைக்க ஏலாது. இருக்கிற ஆளுக்கு நித்திரையக் கொடுக்கலாம். அதுவும் முறை வச்சுத்தான்."

ஓட்டோ பைலட்டுக்குக் கண் இல்லை. முன்னால் கப்பல் வந்தாலும், வலை கிடந்தாலும், வேறொரு படகு விளக்கில்லாமல் மிதந்தாலும் கொடுத்த திசையில் நேராகப் போய் மோதும். நமது தெற்கே தெய்வேந்திரமுனைக்கு அப்பால் போகும் பாதை உலகின் நெருக்கமான கப்பல் பாதைகளில் ஒன்று. போகும் கப்பல்களுக்கும் வரும் கப்பல்களுக்கும் அங்கே தனித்தனி வழிகள் வகுக்கப்பட்டுள்ளன. இலட்சம் தொன் கப்பலின் மேல்தளத்தில் இருப்பவருக்கு நமது படகு ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாமல் போகலாம்.

1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 5ஆவது விதி, எல்லாக் கலங்களும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் பார்க்க வேண்டும் என்கிறது. ஓட்டோ பைலட் பூட்டியவர்களுக்கு அதில் விலக்கு இல்லை. கையால் சுக்கான் பிடித்த காலத்தில் ஒருவர் கட்டாயம் விழித்திருந்தார். இயந்திரம் வந்தபின் எல்லோரும் படுக்கக்கூடிய நிலைமை வந்துவிட்டது. இதுதான் இந்த உபகரணத்தின் ஆபத்து. அதை வாங்கிக் கொடுக்கும் முதலாளிக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் நம்மை நம்பிப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன.

ஆகவே வாங்கும்போதே காவல் அலாரம் உள்ள செட்டைக் கேளுங்கள். குறித்த நிமிடங்களுக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தாவிட்டால் அது சத்தமிட்டு எல்லோரையும் எழுப்பும். செட்டில் இல்லாவிட்டால் தனியாகவும் பூட்டலாம். பெரிய திரைக்குக் கொடுக்கவிருந்த காசில் ஏ.ஐ.எஸ் கருவி ஒன்றை வாங்குவது இன்னும் நல்லது. அருகில் வரும் பெரிய கப்பல்களை அது காட்டும். நமது படகையும் அவர்களுடைய திரையில் காட்டும். ஓட்டோ பைலட்டின் விலையில் ஒரு பகுதிதான் அதற்குச் செல்லும்.

காசை எப்படிப் பிரிப்பது?

ரேமரின், கார்மின், சிம்ராட், ஃபுருனோ போன்ற அறியப்பட்ட கம்பனிகளின் நடுத்தர ஹைட்ரோலிக் செட்டுகள் வெளிநாட்டுச் சந்தையில் ஏறத்தாழ 2,000 முதல் 4,000 அமெரிக்க டொலர் வரை விற்கப்படுகின்றன. டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஆறு முதல் பன்னிரண்டு இலட்சம் ரூபா. கப்பல் கூலி, தீர்வை, பூட்டுக்கூலி வேறு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் ஓரிரு மாதங்களில் 360 ரூபா வரை போனதை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டோம். எனவே உதிரிப்பாகத்தையும் பொருளுடன் சேர்த்தே வாங்கி வைப்பது புத்தி.

என் வரிசை இதுதான். முதலில் கணக்குப்படி பொருத்தமான பம்ப். அடுத்தது புதிய வகைத் திசைகாட்டி. மூன்றாவது சுக்கான் கோண சென்சர். இது இல்லாமலும் ஓடும் செட்டுகள் உண்டு, ஆனால் பாரமான படகுக்கு இதை விட வேண்டாம். நான்காவது, பெற்றரியிலிருந்து நேராக வரும் தடித்த, ஈயம் பூசிய கடல்பாவனை வயரும் பாதுகாப்பு பிரேக்கரும். மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறைந்து, நல்ல பம்பும் நோயாளியாகிவிடும். ஐந்தாவது உதிரிப்பாகம்: பம்பின் சீல் செட், மோட்டார் பிரஷ், ஃபியூஸ், ஹைட்ரோலிக் எண்ணெய். ஆறாவதாகத்தான் திரை. இலக்கம் தெளிவாகத் தெரியும் சிறிய திரை போதும்.

மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். சராசரியாக 3 அம்பியர் இழுத்தால், 20 மணித்தியாலத்தில் 60 அம்பியர் மணி. எஞ்சின் ஓடும்போது ஓல்டனேட்டர் இதைத் தாங்கும். ஆனால் ஏற்கெனவே விளக்கு, ரேடியோ, ஃபிஷ் ஃபைண்டர் எல்லாம் அதே பெற்றரியில் தொங்கினால் முதலில் பெற்றரியைக் கவனியுங்கள்.

பாவித்த செட்டும் டுபாய் சாமானும்

பாவித்த செட் பாதி விலைக்கு வரும். பம்ப் மட்டும் பாவித்தது என்றால், கழற்றிச் சீல் மாற்றி ஓட்டிப் பார்த்து எடுக்கலாம். அது இரும்புச் சாமான். கட்டளைப் பெட்டியும் திசைகாட்டியும் பாவித்ததாக எடுப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. கம்பனி கைவிட்ட மாடலாக இருந்தால் ஒரு சிறு பாகத்துக்காக முழுச் செட்டும் குப்பையாகும்.

டுபாயில் உள்ள மருமகன் கொண்டு வருகிறார் என்று சிலர் சொல்வார்கள். விலை குறைவுதான். உத்தரவாதம் இங்கே செல்லுமா, இங்குள்ள முகவர் திருத்தித் தருவாரா என்று வாங்குமுன் எழுத்தில் கேளுங்கள். திருத்துவதற்குத் திரும்ப டுபாய்க்கு அனுப்ப வேண்டுமென்றால், அதற்குள் கைவிட்டுப் போகும் பயணங்களின் நட்டம் விலையில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும்.

முடிவாக

பணம் கொடுக்குமுன் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். ஸ்டியரிங் வகை, சிலிண்டர் அளவு, முழுச்சுமைப் பாரம், வோல்ற் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு குறைந்தது இரண்டு கடைகளுக்குப் போங்கள். முழு ஐஸும் டீசலும் ஏற்றிய நிலையில் கடலில் ஓட்டிக் காட்டுவதை விலைக் கடிதத்தில் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள். ஓட்டோ பைலட்டை ஒரே அழுத்தில் நிறுத்திக் கையால் சுக்கான் பிடிப்பது எப்படி என்பதை, ஸ்கிப்பருக்கு மட்டுமல்லாமல் படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் பழக்குங்கள்.

அதன்பின் ஸ்கிப்பருடன் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு யார் காவல் என்று ஒரு பட்டியல் போட்டு வீல் அறையில் ஒட்டுங்கள். அதற்குச் செலவாவது ஒரு தாளும் பேனையும்தான். பத்து இலட்சம் ரூபா இயந்திரத்தை விட உங்கள் படகையும் ஆட்களையும் அதிகம் காப்பது அந்தத் தாளாகவே இருக்கும்.